கோட்டாறா, டவுனா?

வடசேரி பஸ் நிலையத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, 'ரயில்வே ஸ்டேஷன்' என்று சொன்னால் வண்டி உடனே நகராது. ஓட்டுகிறவர் கழுத்தைத் திருப்பி, "கோட்டாறா, டவுனா?" என்பார். நாகர்கோவில்காரனுக்கு இது ஒரு கேள்வியே இல்லை. வெளியூர்க்காரர்தான் கையிலிருக்கும் டிக்கெட்டைப் பார்ப்பார். அதில் கோட்டாறு என்று எங்கும் இருக்காது. நாகர்கோவில் ஜங்ஷன் என்று இருக்கும். அந்த ஜங்ஷன் நிற்பது கோட்டாற்றில். ஊர் அதைக் கோட்டாறு ஸ்டேஷன் என்கிறது, ரயில்வே நாகர்கோவில் என்கிறது. நாற்பது வருஷத்துக்கும் மேலாக ஒருவரை ஒருவர் திருத்தாமல் காலம் தள்ளி வருகிறார்கள்.

இதில் 'ஜங்ஷன்' என்பது தனிக் குழப்பம். திருவிதாங்கூர் ஆண்ட மண் இது. மூன்று சாலை கூடினாலே இங்கே ஜங்ஷன்தான். வேப்பமூடு ஜங்ஷன், செட்டிகுளம் ஜங்ஷன், டதி ஸ்கூல் ஜங்ஷன். பக்கத்துத் திருநெல்வேலியில் ஜங்ஷன் என்றால் ரயிலடி. அதைச் சுற்றியுள்ள வட்டாரத்துக்கே அதுதான் பெயர். எங்களூரில் ஜங்ஷன் என்பது டீக்கடையும் வெற்றிலை பாக்குக் கடையும் ஒரு போலீஸ்காரரும் இருக்கிற இடம். ரயில் வந்த புதிதில், 'நாகர்கோவில் ஜங்ஷனில் இறங்குகிறேன், வந்து நிற்கவும்' என்று கார்டு போட்ட உறவினருக்காக எங்கள் சித்தப்பா மணிமேடை ஜங்ஷன் பக்கம் ராத்திரி முழுக்கக் காத்து நின்றதாக ஒரு கதை குடும்பத்தில் உண்டு. சொல்லிச் சொல்லிக் கையும் காலும் முளைத்த கதையாக இருக்கலாம். சித்தப்பா கடைசிவரை மறுக்கவில்லை.

கோட்டாறு என்ற பெயர் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்கிற பெயர் இல்லை. நாகராஜா கோவிலை வைத்து நாகர்கோவில் என்று ஒரு நகரம் திரள்வதற்கு முன்பே கோட்டாறு வணிகர்களின் ஊர். தாலமியின் பழைய குறிப்பில் வரும் ஊர்ப்பெயர் ஒன்றைக் கோட்டாறு என்று வரலாற்றுக்காரர்கள் அடையாளம் காட்டுவார்கள். சவேரியார் கோவில், சந்தை, மொத்தக் கடைகள், மூட்டை இறக்கும் லாரிகள் எல்லாம் கோட்டாற்றுக்கு உரியவை. அந்தக் கோட்டாற்றில் கொண்டுவந்து ஒரு ரயில் நிலையத்தை வைத்துவிட்டு, பெயரை மட்டும் நாகர்கோவிலுக்குக் கொடுத்தால் கோட்டாற்றுக்காரர்கள் எப்படிப் பொறுப்பார்கள்? பலகையில் எழுதியதை எழுதியபடி விட்டுவிட்டு, தங்கள் வாயில் தங்கள் பெயரை வைத்துக்கொண்டார்கள்.

ரயில் இல்லாத நாஞ்சில் நாட்டைப் பார்த்த கடைசித் தலைமுறை நான். கிழக்கே, கணவாய்க்கு அந்தப் பக்கம் திருநெல்வேலிக்கு 1876லேயே தண்டவாளம் வந்துவிட்டது. மேற்கே திருவனந்தபுரத்துத் தம்பானூரில் 1931இல் நிலையம் எழும்பியது. நடுவில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இந்தப் பக்கம், வயலும் தென்னையும் குளமுமாகக் கிடந்த எங்களுக்கு மட்டும் வண்டி வரவில்லை. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது, ரயில் இல்லாத மாவட்டமாகவே சேர்ந்தோம். மெட்ராஸ் போக வேண்டுமென்றால் முதலில் பஸ் பிடித்துத் திருநெல்வேலி. அங்கே ரயிலடியில் துண்டை விரித்து உட்கார்ந்து, மீட்டர் கேஜ் வண்டியில் ஏறி, மறுநாள் எழும்பூர்.

1972 செப்டம்பரில் இந்திரா காந்தி கன்னியாகுமரிக்கு வந்து அடிக்கல் நாட்டினார். பிறகு மண் அணை போட்டார்கள், பாலம் கட்டினார்கள், குளத்தின் ஓரத்தை வெட்டினார்கள். எங்கள் பாட்டா வயலுக்குப் போகிற வழியில் நின்று பார்த்துவிட்டு வந்து, "ரயிலுன்னா என்னலே மக்கா, தின்னவேலிக்குப் போற பஸ்ஸுதான். பாதைய மட்டும் அவனே கொண்டு வாறான்" என்பார். 1979 ஏப்ரலில் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு வண்டி ஓடியது. 87 கிலோமீட்டர், அகலப் பாதை. திருநெல்வேலிப் பாதை 1981இல்தான் திறந்தது. அதற்கு அப்பால் மீட்டர் கேஜ் என்பதால், அகலப் பாதை வண்டியில் கம்பீரமாகப் போய்த் திருநெல்வேலியில் இறங்கி, மூட்டை முடிச்சோடு குறுகிய பாதை வண்டிக்கு ஓட வேண்டியிருந்த வருஷங்களும் உண்டு.

கேரளத்தோடு இருக்க மாட்டோம் என்று போராடி, 1954 ஆகஸ்டில் துப்பாக்கிச் சூட்டில் உயிரையும் கொடுத்துப் பிரிந்து வந்த மாவட்டம். அதற்கு முதல் தண்டவாளம் பிரிந்து வந்த திசையிலிருந்தே வந்து சேர்ந்தது. அதே 1979 அக்டோபரில் திருவனந்தபுரம் ரயில்வே கோட்டம் பிறந்தது. எங்கள் நிலையங்கள் அதில் சேர்ந்தன, இன்றும் அதில்தான் இருக்கின்றன. மதுரைக் கோட்டத்தோடு சேர்க்க வேண்டும் என்று பயணிகள் சங்கங்கள் மனுக் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. இந்த வழக்குக்குள் நான் போகவில்லை. ஆனால் ஒரு நிலையத்துக்கு என்ன பெயர், அதன் வாசல் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் வேறொரு ஊரில் உட்கார்ந்து யாரோ முடிவு செய்கிறார்கள் என்ற எண்ணம் எங்களுக்குச் சின்ன வயதிலேயே பழகிவிட்டது.

மேற்கே போகப் போக இது இன்னும் தெளிவாகத் தெரியும். குழித்துறை என்று பலகை வைத்த நிலையத்தில் இறங்குகிறவர்களில் பாதிப்பேர் மார்த்தாண்டம் போகிறவர்கள். கடை, ஆஸ்பத்திரி, தேன், சந்தை எல்லாம் மார்த்தாண்டம். குழித்துறை, தாமிரபரணிக் கரையில் வாவுபலிப் பொருட்காட்சி நடக்கிற பழைய ஊர். நீதிமன்றமும் நகராட்சியும் அந்தப் பெயரில் இருந்ததால் ரயில்வேயும் அதையே எடுத்துக்கொண்டிருக்கும். மார்த்தாண்டம் மட்டும் ஆதியில் மார்த்தாண்டமா? எங்கள் பாட்டாவுக்கு அது சாகும்வரை தொடுவெட்டி. "தொடுவெட்டிச் சந்தைல ஏத்தன்குலை என்ன வெல போவுது?" என்றுதான் கேட்பார். ரயில் குழித்துறையில் நிற்கும், கண்டக்டர் மார்த்தாண்டம் என்று கூவுவார், கிழவர் தொடுவெட்டியில் இறங்குவார். மூன்று பேரும் போய்ச் சேர்ந்தது ஒரே இடம். ரயில்வேயின் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் வடநாட்டுப் பயணி அதை 'குளித்துறை' என்று வாசித்ததையும் கேட்டிருக்கிறேன். ஆற்றைப் பார்த்தால் அதிலும் பிழை சொல்ல முடியாது.

இரணியல் நிலையமும் அப்படித்தான். தக்கலைக்காரர்களுக்கும் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்க வருகிறவர்களுக்கும் குளச்சல் மீன்காரர்களுக்கும் அதுதான் ரயிலடி. தக்கலை இத்தனை பெரிய ஊராக இருந்தும் அந்தப் பெயரில் நிலையம் இல்லை. இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரயில் வராதிருந்தால் இரணியல் என்ற பழைய ஊரின் பெயரை டில்லியில் யார் உச்சரித்திருக்கப் போகிறார்கள்?

பள்ளியாடி, வீராணி ஆளூர் போன்ற சிறு நிலையங்களுக்கு அந்தக் காலத்தில் வாசல் என்று ஒன்று இருந்ததாகவே எனக்கு நினைவில்லை. தண்டவாளத்தை ஒட்டி ஒரு மண்மேடு, ஒரு சின்னக் கட்டிடம், ஒரு பலகை. ரப்பர் தோட்டத்திலிருந்து ஒருவர் வருவார், வயல் வரப்பிலிருந்து ஒருவர் வருவார், வீட்டுக் கொல்லைப்புறம் வழியாக ஒரு குடும்பமே வரும். எல்லாப் பக்கமும் வாசல். திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர்களின் காலை வண்டி அது. தலைமைச் செயலகத்துக் குமாஸ்தா, மருத்துவக் கல்லூரிக்கு நோயாளியைக் கூட்டிப் போகிறவர், துணிக்கடைப் பெண் பிள்ளைகள். வண்டி வரும் சத்தம் கேட்ட பிறகு வீட்டிலிருந்து இறங்கினால் போதும் என்று கணக்கு வைத்திருந்தவர்கள் உண்டு.

கோட்டாற்றில் கதை வேறு. நிலையத்துக்கு முறையான முன்வாசல் இருந்தது, அதன் வழியாக ஆட்டோவும் டாக்சியும் வந்தன. நாங்கள் அதன் வழியாகப் போனதே இல்லை. தெருமுனையில் திரும்பி, ஒரு தென்னந்தோப்பைக் குறுக்கே கடந்து, மதில் இடிந்து கிடந்த ஓர் இடத்தில் காலைத் தூக்கி வைத்தால் நேரே பிளாட்பாரத்தின் வால்பகுதி. சட்டப்படி தப்பு. எல்லோருக்கும் தெரியும், ரயில்வேக்காரர்களுக்கும் தெரியும். அந்த இடிபாட்டின் பக்கத்தில் ஒரு அம்மை கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பனங்கிழங்குக் காலத்தில் பனங்கிழங்கு, இல்லாவிட்டால் அவித்த மரச்சீனி, கடலை. அவளைத் தாண்டி இரண்டு பேர் சைக்கிள் நிறுத்த இடம் கொடுத்துக் காசு வாங்கினார்கள். அப்புறம் ஒரு சாயாக்கடை. அப்புறம் டெலிபோன் பூத். மதிலில் விழுந்த ஓர் ஓட்டை ஒரு தெருவுக்கே பிழைப்புக் கொடுத்தது.

ஒரு நாள் ஓட்டையை அடைத்தார்கள். புது மதில், உயரமானது, மேலே கண்ணாடிச் சில்லு. ஒரு மாதம் கழித்துச் சாயாக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கி எதிர்ப்பக்கம் கொண்டுபோனார். பூத் மூடிக்கிடந்தது, அதற்குச் செல்போனும் ஒரு காரணம் என்று ஒத்துக்கொள்கிறேன். கூடைக்கார அம்மை முன்வாசலுக்குப் போய்ப் பார்த்தாள், அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள் இடம் கொடுக்கவில்லை. "ஸ்டேஷனு அங்கனயேதான் இருக்கு மக்ளே, நாமதான் தூரமாப் போயாச்சு" என்றாள். பெயர்களைப் பற்றி இத்தனை எழுதினாலும், என் மனதில் நிற்பது அந்தப் பேச்சுத்தான். பெயர் மாறினால் ஊர் பழைய பெயரைச் சொல்லிக்கொண்டு சும்மா இருக்கும். வாசல் மாறினால் ஊர் எழுந்து இடம் மாறி உட்கார வேண்டியிருக்கிறது.

ஊரின் இன்னொரு நிலையமான டவுனின் கதையிலும் இதுதான் நடந்தது. நாகர்கோவிலின் தண்டவாள அமைப்பு விசித்திரமானது. மேற்கிலிருந்து திருவனந்தபுரம் பாதை வருகிறது, வடகிழக்கிலிருந்து திருநெல்வேலிப் பாதை வருகிறது. இரண்டும் சேர்ந்து கோட்டாற்றுக்குள் நுழைந்து, தெற்கே கன்னியாகுமரிக்குப் போகின்றன. கன்னியாகுமரி போகும் வண்டிக்குச் சிக்கல் இல்லை. திருவனந்தபுரத்திலிருந்து திருநெல்வேலி போகிற வண்டி கோட்டாற்றுக்குள் வந்தால் வந்த முகமாகவே திரும்ப வேண்டும். எஞ்சினைக் கழற்றி, மறுமுனைக்குக் கொண்டுபோய் மாட்டி, பிறகு புறப்பட வேண்டும். அந்த நேரத்தில் பயணிகள் இறங்கி வடை வாங்குவார்கள், குழாயடியில் முகம் கழுவுவார்கள். புதிதாக வந்தவர்கள், வண்டி பின்னோக்கிப் போகிறதே என்று பதறுவார்கள். ஜன்னலோரம் காற்றை எதிர்பார்த்து உட்கார்ந்தவருக்கு முதுகில் காற்று அடிக்கும். இந்தத் திருப்பத்தைத் தவிர்க்க ஒரு புறவழிப் பாதை உண்டு. அதன் வழியாகப் போகிற வண்டிகள் கோட்டாற்றைத் தொடாமல் டவுன் நிலையத்தில் நின்றுவிட்டுக் கிழக்கே பிரிந்துவிடும். வடசேரிக்காரர்களுக்குக் கோட்டாற்றைவிட டவுன் பக்கம்; அவர்களுக்குச் சந்தோஷம். கோட்டாற்றுக் கடைக்காரர்களுக்கு, ஒவ்வொரு வண்டி டவுனோடு போகும்போதும் நூறு வடை நஷ்டம். ஆட்டோக்காரர் கழுத்தைத் திருப்பிக் கேட்கிற கேள்விக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

கன்னியாகுமரி நிலையத்துக்கு வருவோம். ரயில்வே ஒவ்வொரு நிலையத்துக்கும் ஆங்கில எழுத்தில் ஒரு குறியீடு வைத்திருக்கிறது. நாகர்கோவிலுக்கு என்.சி.ஜே. கன்னியாகுமரிக்கு சி.ஏ.பி.இ. கேப். வெள்ளைக்காரர்கள் அந்த முனையைக் கேப் காமரின் என்றார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்களும் "கேப்புக்குப் போயிட்டு வாறேன்" என்றே பேசினார்கள். மாவட்டத்துக்குக் கன்னியாகுமரி என்று பெயர் வைத்துப் பல வருஷம் கழித்து, சுதந்திர இந்தியாவில் 1979இல் புதிதாகத் திறந்த நிலையம் அது. ஆனாலும் குறியீட்டில் பழைய பெயர் புகுந்துவிட்டது. பலகையிலிருந்து எத்தனை பெயர்களை அழித்தாலும் இந்த நாலெழுத்தை யாரும் தொடுவதில்லை. கைபேசியில் டிக்கெட் எடுக்கிற கல்லூரிப் பிள்ளைகள் தினமும் கேப்புக்குத்தான் பதிவு செய்கிறார்கள்.

வண்டிகளின் பெயரிலும் இந்த எச்சம் உண்டு. பெங்களூரிலிருந்து கன்னியாகுமரி வருகிற வண்டியை ஐலண்ட் எக்ஸ்பிரஸ் என்பார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துப் பையன்கள் விவேகானந்தர் பாறைதான் அந்தத் தீவு என்று அடித்துச் சொல்வார்கள். உண்மையில் அது கொச்சியின் வில்லிங்டன் தீவுத் துறைமுக நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்த வண்டி. பாதையை நீட்டி நீட்டித் தெற்கே கொண்டுவந்தார்கள், தீவை விட்டு வெகுதூரம் வந்த பிறகும் பெயர் கூடவே வந்தது. என் வயதுக்காரர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் 1988 ஜூலை 8 நினைவுக்கு வரும். பெருமண் பாலத்தில் பெட்டிகள் அஷ்டமுடிக் காயலுக்குள் விழுந்து நூறு பேருக்கு மேல் இறந்த நாள்.

மேற்கே எங்கள் பாதையின் மறுமுனையில் இப்போது பெயர் மாற்றக் காலம். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே நேமம் என்று சின்ன நிலையம், வடக்கே கொச்சுவேளி. 2024இல் நேமம், திருவனந்தபுரம் தெற்கு ஆனது. கொச்சுவேளி, திருவனந்தபுரம் வடக்கு ஆனது. காரணம் விளங்குகிறது. கொச்சுவேளி எங்கே இருக்கிறது என்று வெளிமாநிலத்துக்காரனுக்குத் தெரியாது, டிக்கெட் எடுக்கத் தயங்குவான். ஆனால் அந்த வண்டியில் வாடிக்கையாக வருகிற எங்கள் பக்கத்து ஆள் ஒருவர்கூட 'வடக்கில் இறங்குகிறேன்' என்று சொல்லி நான் கேட்கவில்லை. கொச்சுவேளிதான். ஊரின் பெயரை எடுத்துவிட்டுத் திசையின் பெயரை வைப்பது எனக்கு உவப்பாக இல்லை. நேமம் நேமமாக இருந்திருக்கலாம்.

சென்னையில் மகள் வீட்டுக்குப் போகும்போது இந்தப் பெயர் விவகாரம் பூமிக்கடியில் இறங்கிவிடுகிறது. நாஞ்சில் நாட்டுக்காரனுக்குச் சென்னை என்பது விடிகாலை எழும்பூர். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் கொண்டுபோய் இறக்கிவிடும் அந்தச் சிவப்புக் கட்டிடம் 1908இல் திறந்தது. முன்பெல்லாம் வெளியே வந்தவுடன் ஆட்டோக்காரர்களோடு பேரம். இப்போது மகள் போனிலேயே பாதை போட்டுக் கொடுத்துவிடுகிறாள். "அப்பா, வெளிய வந்து மெட்ரோவுல இறங்குங்க. சென்ட்ரல்ல மாறுங்க. ஏ.ஜி. டி.எம்.எஸ்.ல ஏறி வாங்க." மாநிலக் கணக்காயர் அலுவலகத்தையும் மருத்துவ இயக்குநரகத்தையும் ஒட்டவைத்த பெயர் அது. இரண்டு ஆபீஸ்களுக்குப் பிறந்த நிலையம். ஊர்ப்பெயரே இல்லாத ஸ்டேஷனில் இறங்குவது கோட்டாற்றுக்காரனுக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சென்னையில் சுரங்க மெட்ரோ 2017 மே 14 அன்று திருமங்கலத்துக்கும் நேரு பூங்காவுக்கும் நடுவில் தொடங்கியது. மறுவருஷம் மே மாதம் எழும்பூர், சென்ட்ரல் நிலையங்கள் திறந்தன. 2020 ஜூலையில் மூன்று நிலையங்களுக்குத் தலைவர்களின் பெயரைச் சேர்த்தார்கள். ஆலந்தூர் அறிஞர் அண்ணா ஆலந்தூர் ஆனது, சென்ட்ரலுக்குப் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன், கோயம்பேடு புறநகர் பஸ் நிலையத்துக்குப் புரட்சித் தலைவி டாக்டர் ஜெ. ஜெயலலிதா. வண்டிக்குள் அறிவிப்புக் குரல் அந்தப் பெயரை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள், பக்கத்தில் நிற்கிறவர் போனில் "சென்ட்ரல் வந்துட்டேன்" என்று சொல்லி முடித்திருப்பார். இது அந்தத் தலைவர்களுக்கு அவமரியாதை இல்லை. எங்களூரில் அண்ணா பஸ் நிலையம் இருக்கிறது. வடசேரி பஸ் நிலையத்துக்குக் கிறிஸ்டோபர் பெயர் இருக்கிறது. வடசேரி என்றுதான் எல்லோரும் சொல்கிறோம்.

சென்ட்ரலில் சுரங்கத்துக்குள் இறங்குகிற வாசல்களுக்கு எழுத்தும் எண்ணும் போட்டிருக்கிறார்கள். யாரும் அதை மனதில் வைத்துக்கொள்வதாகத் தெரியவில்லை. 'ரிப்பன் பில்டிங் பக்கம் ஏறு', 'ஜி.எச். பக்கம் ஏறு' என்றுதான் பேச்சு. பக்கத்திலேயே புறநகர் வண்டிகள் புறப்படும் இடத்துக்கு மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்று பெயர். மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்துபோனது. பழைய புத்தகமும் கிராமபோன் தட்டும் விற்ற அந்தச் சந்தையைப் பார்த்திராத பிள்ளைகள் அந்தப் பெயரில் சீசன் டிக்கெட் வைத்திருக்கிறார்கள்.

சுரங்க ரயிலில் மூத்த ஊர்களிலும் இதே சங்கதிதான். எங்களுக்கு முதல் வண்டி வந்த அதே 1979இல், சரியாக மே 1 அன்று, லண்டனில் ஜூபிலி பாதை திறந்தது. டிரஃபால்கர் ஸ்கொயர், ஸ்ட்ராண்ட் என்று தனித்தனியாக இருந்த இரண்டு சுரங்க நிலையங்களை இணைத்து, சேரிங் கிராஸ் என்று ஒரே பெயர் வைத்தார்கள். அதற்கு முன்னால் பக்கத்தில் வேறொரு நிலையம் சேரிங் கிராஸாக இருந்தது. அதன் பெயரை 1974இல் ஒரு தடவையும் 1976இல் மறு தடவையும் மாற்றி எம்பாங்க்மென்ட் ஆக்கியிருந்தார்கள். ஐந்து வருஷம் ஊரை விட்டுப் போயிருந்தவன் திரும்பி வந்தால் தவறான படியில் ஏறியிருப்பான். அங்கேயே இன்னொரு நிலையம், கில்லெஸ்பி ரோடு என்று இருந்ததை 1932இல் கால்பந்துக் குழுவின் பெயரில் ஆர்சனல் ஆக்கினார்கள். வாசலை மாற்றிக் கட்டினார்கள், பலகையை மாற்றினார்கள். பிளாட்பாரச் சுவரில் ஓடு பதித்து எழுதிய பழைய பெயரை மட்டும் பெயர்க்கவில்லை, இப்போதும் வாசிக்கலாம். இந்தியாவின் முதல் சுரங்க ரயில் 1984 அக்டோபர் 24 அன்று கொல்கத்தாவில் எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை ஓடியது. அந்தப் பவானிபூர் இன்று நேதாஜி பவன்.

ஊரில் எங்களுக்குச் சுரங்க ரயில் கிடையாது. சுரங்கப்பாதை உண்டு. ஆள் நின்று கம்பி இறக்கிய ரயில்வே கேட்டுகளை ஒவ்வொன்றாக மூடிவிட்டு, தண்டவாளத்துக்கு அடியில் கான்கிரீட் பெட்டியைத் தள்ளி வழி விட்டார்கள். கேட்டில் வண்டிக்காகக் காத்து நிற்பது போனதில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் ஒழுங்காக நனைக்கிற மாவட்டம் இது. சுற்றிலும் வயல், குளம், கால்வாய். அதில் சாலையைப் பத்தடி தாழ்த்தினால் தண்ணீர் வேறு எங்கே போகும்? ஆனி ஆடியிலும் ஒரு முறை, ஐப்பசியிலும் ஒரு முறை சுரங்கப்பாதை குளமாகும். மோட்டார் வைத்து இறைப்பார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பழையபடி தண்டவாளத்தின் மேலேறிக் கடப்பார்கள். கேட் போய் வருஷங்கள் ஆன இடங்களை ஊர் இன்றும் 'கேட்டு' என்றே சொல்கிறது. 1966இல் வெளிவந்த சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' எங்களூரில் பிறந்த நாவல். மரம் போன பிறகும் ஜங்ஷனின் பெயரில் அது நின்றுகொண்டிருப்பதை அவர் ரயில் வருவதற்கு முன்பே எழுதிவிட்டார். வேப்பமூட்டில் வேப்பமரத்தைத் தேடினவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது.

2024இல் திருநெல்வேலிப் பாதை இரட்டை வழியானது. அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் எழும்பூரிலிருந்து வந்தே பாரத் வண்டி நாகர்கோவில் வரை வர ஆரம்பித்தது. ஆரல்வாய்மொழியைத் தாண்டும்போது காற்றாலைகளைப் பார்த்துப் பயணிகள் கைபேசியை எடுப்பதற்குள் தோவாளையும் போய்விடுகிறது. மெதுவாகப் போகிற பாசஞ்சரில் அந்த இடத்தில் பிச்சிப்பூ மணம் வந்ததாக எங்கள் அத்தை சொல்வாள். அது தோவாளைச் சந்தையிலிருந்து வந்ததா, அவள் தலையிலிருந்தே வந்ததா என்று மாமா கேட்பார்.

கோட்டாறு, குழித்துறை நிலையங்களை அம்ருத் பாரத் திட்டத்தில் புதுப்பிக்கச் சேர்த்தார்கள். புது முகப்பு, புது நடைமேம்பாலம், லிஃப்ட் என்று படம் வரைந்து வைத்தார்கள். படங்களில் எப்போதும் கூட்டமே இருக்காது. வாசலில் ஒரு சிவப்புக் கார் நிற்கும். பனங்கிழங்கு விற்க எங்கே இடம் என்று அந்தப் படத்தில் தேடிப் பார்த்தேன்.

போன வாரம் மார்த்தாண்டத்திலிருந்து தங்கச்சி கூப்பிட்டாள். அவள் மகளுக்கு நிச்சயம் வைத்திருக்கிறார்கள். எந்த வண்டியில் வருகிறேன் என்று கேட்டுவிட்டு, "அண்ணா, குழித்துறைல இறங்கினா முன்பக்கமா வராண்டாம். அங்க வேலைக்குத் தகரம் கட்டி அடைச்சிருக்கு, ஆட்டோவும் கெடையாது. பின்னாடி ஒரு வழி விட்டிருக்கான். மாமரத்து மூட்டுல மருமவன் ஸ்கூட்டரோட நிப்பாரு. மழையா இருந்தா பாலத்துக்கு அடீல வராதிய, தண்ணி கெடக்கும்" என்றாள். மாமரம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். "வெட்டியாச்சு. இருந்தாலும் அங்கனதான் நிப்பாரு."